கென்யாவுக்குப் புறப்படுமுன்

கென்யா என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? வகுப்பறைச் சுவரில் தொங்கும் ஆப்பிரிக்கப் படத்தின் நடுவே ஓடும் நிலநடுக்கோடு. அதன் ஓரமாகப் பொன்னிறப் புல்வெளி. புல்வெளியில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும். எல்லாவற்றுக்கும் மேலே சுட்டெரிக்கும் கதிரவன். "அதனால் என்ன? வேலூர் வெயிலையும் திருச்சி வெயிலையும் பார்த்த நமக்கு ஆப்பிரிக்க வெயில் எம்மாத்திரம்? கொசுவும் நமக்குப் பழகியதுதானே?" என்று எண்ணுவதும் இயல்பே.

நம் பள்ளி மாணவியரில் சிலருடைய தந்தையரும் தமையன்மாரும் நைரோபி நகரில் பணிபுரிகின்றனர். விடுமுறையில் அவர்களைக் காணச் செல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் பிற்காலத்தில் செல்லவிருப்போர்க்கும் பயன்படட்டும் என்று கருதியே இதனை நம் புவியியல் மன்றத்தில் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டோம். கடைகளில் கிடைக்கும் பயண நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து வருவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெயிலுக்கும் ஈக்கும் வியர்வைக்கும் அவர்களைப் பழக்குவதே அந்நூல்களின் கவலை. நமக்கு வேண்டிய எச்சரிக்கை வேறு. "நாமும் வெப்பநாட்டார்தாமே" என்ற எண்ணமே நம் காலை இடறும் கல் என்பதைக் கீழே காண்போம்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நிலநடுக்கோட்டு நாட்டில் குளிரா என்று வியக்கவேண்டா. ஆயிரம் மீட்டர் உயரே செல்லச் செல்ல வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நைரோபி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம் ஏற்காட்டைவிட உயரம், கொடைக்கானலைவிடத் தாழ்வு. அது நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே குளிர்காலம். ஜூலை மாதத்தில் வானம் மூடிக் கிடக்கும்; பகலிலும் 22 பாகையைத் தாண்டாத நாள்கள் பல; இரவில் 12 பாகைவரை இறங்கும். விலங்குகளைக் காண விடியற்காலையில் மேற்கூரை திறந்த வண்டியில் செல்லும்போது காற்று முகத்தில் அறையும். ஆகவே, ஆளுக்கொரு நல்ல கம்பளிச் சட்டை கட்டாயம். கடற்கரை நகராகிய மொம்பாசாவோ இதற்கு நேர்மாறு. நாகப்பட்டினத்து உப்புக்காற்றும் புழுக்கமும் அங்கே உண்டு. பருத்தி ஆடையே தகும். ஒரே நாட்டுக்கு இரண்டு வகைத் துணி எடுத்துவைக்கவேண்டும். கென்யா தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு பெரியது என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் ஒரே பெட்டியில் ஒரே வகை ஆடையை அடுக்குகின்றனர்.

குளிர்கிறதே, வெயில் சுடாது என்று இருந்துவிடவும் கூடாது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால் புறஊதாக் கதிர்கள் மிகுதியாக வந்து சேரும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பர். உடல் வியர்க்காமலே தோல் கருகும். மாநிறத்தாரும் கறுப்பு நிறத்தாரும் இதற்கு விலக்கு அல்லர். அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்று போதும்; குடை வண்டிக்குள் விரியாது.

எப்போது செல்வது? இதிலும் நம் நாட்டுக் கணக்கு உதவாது. கென்யாவில் இரண்டு மழைக்காலங்கள். மார்ச்சு முதல் மே வரை பெய்வது பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது சிறுமழை. நம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் நீண்ட விடுமுறை சரியாகப் பெருமழைக்குள் போய் விழுகிறது! அப்போது மண்பாதைகள் சேறாகும். புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும். உறவினருடன் தங்கிவருவதே நோக்கமாயின் அக்கோடை விடுமுறை போதும். விடுதிக் கட்டணமும் அப்போது குறைவு. மாசாய் மாரா சமவெளியில் காட்டு எருதுமான்கள் இலட்சக்கணக்கில் ஆறு கடக்கும் காட்சியைக் காணவேண்டுமாயின் ஜூலை முதல் அக்டோபர் வரையுள்ள காலமே ஏற்றது. காலாண்டு விடுமுறை அதற்குள் வருகிறது. ஆனால் அது எத்தனை குறுகியது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுமழை பெரும்பாலும் ஓய்ந்துவரும். ஆயினும் அந்நாட்டாரும் அப்போதுதான் கடற்கரைக்குப் படையெடுப்பர். முன்கூட்டியே இடம் பதிவுசெய்யாவிட்டால் இரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது.

இனிப் பெற்றோர் கூர்ந்து படிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம்.

மஞ்சள் காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. பெயரைக் கேட்டதும், "மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போயிற்று" என்று பாட்டிமார் சொல்லக்கூடும். அது வேறு, இது வேறு. கொசு கடிப்பதால் உடலில் புகும் நச்சுயிரி கல்லீரலைத் தாக்குவதால் தோலும் கண்ணும் மஞ்சளிப்பதே இப்பெயருக்குக் காரணம். நோயைத் தீர்க்கும் தனி மருந்து எதுவும் இல்லை. நோய் முற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிடுகின்றனர். கொசுவே இதனைப் பரப்புகிறது என்று கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் கூறியபோது நம்புவாரில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான மருத்துவர் குழு அதே கியூபாவில் சோதனை செய்து மெய்ப்பித்தது. பின்னர் மாக்ஸ் தெய்லர் என்ற தென்னாப்பிரிக்க அறிஞர் தடுப்பூசியை உருவாக்கி 1951இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் போடப்படுவது அவர் கண்ட ஊசியே.

இங்கேதான் வேடிக்கை. இந்தியாவிலிருந்து வருவோரிடம் கென்ய அதிகாரிகள் இந்தத் தடுப்பூசிச் சான்றைக் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, அதுவும் திரும்பிவரும்போது! போகும்போது ஒருவரும் கேட்கவில்லையே என்று நிம்மதியாய் இருந்தவர்கள் திரும்பிவந்து நம் விமான நிலையத்தில் இறங்கியதும் சுகாதார அதிகாரி கை நீட்டும்போது விழிக்கின்றனர். சான்று இல்லாதவரை 6 நாள்வரை தனிமையில் வைக்க விதி இடம் தருகிறது. அந்த 6 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? கொசு கடித்து 3 முதல் 6 நாள்களுக்குள் நோய் வெளிப்படும் என்பதால்தான். நம் நாடு ஏன் இவ்வளவு கண்டிப்பு? டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசுவே மஞ்சள் காய்ச்சலையும் பரப்பவல்லது. நம் வீட்டுத் தொட்டியிலும் உடைந்த மண்பானையிலும் அக்கொசு ஏராளம். நோய் மட்டும் இன்னும் இந்நாட்டில் கால்வைக்கவில்லை. நம் மக்களுக்கு அதனை எதிர்க்கும் ஆற்றலும் இல்லை. நோயுற்ற ஒருவர் வந்து, அவரை நம் ஊர்க் கொசு கடித்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். அதிகாரியின் கண்டிப்பில் நமக்குக் குறையே தோன்றாது.

இந்த ஊசியைத் தெருக்கோடி மருத்துவமனையில் போட இயலாது. அரசு அனுமதித்த நிலையங்களில் மட்டுமே போடுவர். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அவற்றுள் சில. நாளும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டிருப்பதால் முன்பதிவு வேண்டும். வெளியூரார் இதற்கென ஒரு சென்னைப் பயணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கடவுச்சீட்டை மறவாமல் கொண்டுசெல்க. ஊசி போட்டபின் மஞ்சள் நிறச் சிறு புத்தகம் ஒன்றில் முத்திரையிட்டுத் தருவர். போட்ட 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும். புறப்படுவதற்கு முதல்நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வதில் பொருளில்லை என்பது இதனால் விளங்கும். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் போடவேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டாலே ஆயுள் முழுமைக்கும் செல்லும் என்று விதி மாறிவிட்டது. மருந்து கோழிக் கருவில் வளர்க்கப்படுவதால் முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் அதனை முதலிலேயே மருத்துவரிடம் கூறவேண்டும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு இது ஆகாது. கருவுற்ற தாய்மாரும், அறுபது வயதைக் கடந்த தாத்தா பாட்டியரும், நோயெதிர்ப்பு குன்றியவர்களும் மருத்துவரைக் கலந்தபின்பே முடிவு செய்யவேண்டும்.

அடுத்தது மலேரியா. மஞ்சள் காய்ச்சலுக்காவது சட்டம் இருக்கிறது. மலேரியாவுக்கு எந்த அதிகாரியும் கை நீட்டுவதில்லை. ஆகவே அதுவே பெரிய ஆபத்து என்பது எங்கள் கருத்து. "மலேரியா நமக்குத் தெரியாததா? ரொனால்டு ராஸ் 1897இல் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதே நம் செகந்திராபாத்தில்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் நாம் அறியவேண்டுவன இரண்டு. நம் நாட்டில் விட்டுவிட்டு நடுக்கும் வைவாக்ஸ் வகையும் உண்டு, ஃபால்சிபாரம் வகையும் உண்டு. கென்யாவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகையே. அது மூளையைத் தாக்கிச் சில நாளிலேயே உயிரைக் கொள்ளவல்லது. இது ஒன்று. மற்றொன்று, எதிர்ப்பாற்றலைப் பற்றியது. விக்டோரியா ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர் சிறுவயதிலிருந்தே பலமுறை காய்ச்சலுற்றுத் தேறியதால் ஓரளவு தாங்குவர். அந்த ஆற்றலைப் பெறுமுன்பே அங்கே எத்தனையோ பச்சிளங்குழந்தைகள் மடிகின்றன. அப்படிப் பெற்ற ஆற்றலும் ஊரைவிட்டு வெளியேறிச் சில ஆண்டு வாழ்ந்தால் கரைந்துவிடும். தோலின் நிறமோ பிறந்த நாட்டின் வெப்பமோ அதனைத் தருவதில்லை. நம் தமிழ்நாட்டு ஊர்களில் வளர்ந்த பிள்ளைக்கு இங்கிலாந்துப் பிள்ளையைவிட இதில் ஒரு மிகுதியும் இல்லை.

2019 முதல் கென்யாவில் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போடத் தொடங்கியுள்ளனர்; அது அங்கேயே வாழும் குழந்தைகளுக்குரியது, விடுமுறைக்குச் செல்வோர்க்கு அன்று. நமக்குரியவை மாத்திரையும் வலையும்தாம். பழைய குளோரோகுவின் மாத்திரை அந்நாட்டுக் கிருமியிடம் செல்லாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, திரும்பியபின்னும் நான்கு வாரம் உண்ணவேண்டும். டாக்சிசைக்ளின் நாள்தோறும், அதுவும் திரும்பியபின் நான்கு வாரம், எட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் கருவுற்றோர்க்கும் ஆகாது, வெயிலில் தோலைச் சிவக்கச் செய்வதும் உண்டு. அட்டோவாக்குவோன் - புரோகுவானில் என்ற இருமருந்து மாத்திரை புறப்படுமுன் ஓரிரு நாளில் தொடங்கி, திரும்பியபின் 7 நாள் உண்டால் போதும், விலைதான் அதிகம். எது யாருக்குப் பொருந்தும் என்று மருத்துவரே சொல்லவேண்டும். அண்டைவீட்டு மாமி உண்ட மாத்திரையை நாமும் வாங்குவது முறையன்று. நைரோபி நகருக்குள் உயரம் காரணமாக மலேரியா குறைவு. மொம்பாசாவுக்கோ ஏரிக்கரைக்கோ போவதானால் கட்டாயம் வேண்டும். பயணத்திட்டம் முழுவதையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். "ஆப்பிரிக்கா போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

மலேரியாக் கொசுவாகிய அனோஃபிலிஸ் அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். நிலநடுக்கோட்டு நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியளவில் கதிரவன் மறைவான். மறைந்தபின் வெளிச்சம் நெடுநேரம் நில்லாது. விளையாடிவிட்டு இருட்டியபின் ஆடை மாற்றலாம் என்றிருந்தால் கொசு முந்திக்கொள்ளும். ஆறு மணிக்கே முழுக்கை, முழுக்கால் ஆடை. நம் சுரிதாரும் காலுறையும் இதற்கு மிகப் பொருத்தம். பகலில் கடிக்கும் ஈடிஸுக்கும் பூச்சுமருந்து வேண்டும். மற்றொரு செய்தி: சில காடுகளில் திரியும் செட்சி ஈ நீலமும் கறுப்புமான துணியை நாடிவரும். அதனைப் பிடிக்கும் பொறிகளையே நீலத்துணியில்தான் செய்கின்றனர். நம் பள்ளியின் நீலப் பாவாடையை அணிந்து புல்வெளிக்குச் செல்வது ஈயை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்!

பெட்டி கட்டும் வேலை நம் அன்னையரைச் சேர்ந்தது. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2017 ஆகஸ்டு 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தண்டனை சிறிதன்று, நான்கு ஆண்டுவரை சிறையும் 40 இலட்சம் ஷில்லிங் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. செருப்பைச் சுற்றவும் பொடியைக் கட்டவும் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் துணிக்கடைப் பைகள் அனைத்தும் வீட்டிலேயே இருக்கட்டும். 2020 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை குடித்து எறியும் தண்ணீர்ப் புட்டிக்கும் தடை. எவர்சில்வர் புட்டியும் நம் மஞ்சள் துணிப்பையும் போதும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோகலாம். எண்ணெய் ஊறுகாயைக் கைப்பெட்டியில் அனுமதியார், பெரிய பெட்டியில் வைக்கவேண்டும். கறிவேப்பிலை, மாம்பழம், விதைகள் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டுமாதலால் விட்டுவிடுவதே நல்லது. நம்மவர் பெரும்பாலும் துபாய் அல்லது தோகா வழியாகச் செல்கின்றனர். குருமாவுக்கென்று கசகசாப் பொட்டலம் வைக்கும் தாய்மார் கவனிக்க: அரபு நாடுகளில் கசகசா போதைப்பொருளாகக் கருதப்படும். இடையில் விமானம் மாறுவோரும் அதற்கு விலக்கல்லர். இருமல் மருந்து முதலியவற்றை மருத்துவர் சீட்டோடு, வாங்கிய உறையிலேயே வைத்துக்கொள்க. மின்சாரம் நம்முடையதுபோல் 240 வோல்ட்டுதான். ஆனால் முள் சதுரம். இணைப்பான் ஒன்று வாங்கிக்கொண்டால் செல்பேசிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உதவும்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024 ஜனவரி முதல் விசா முறை நீங்கி, கணினி வழியே முன்கூட்டிப் பெறும் பயண அனுமதி வந்துள்ளது. குழந்தைகளுக்கும் தனித்தனியே வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறுமாதம் செல்லுபடியாகவேண்டும். பெற்றோரில் ஒருவருடன் மட்டும் செல்லும் மாணவிக்கு மற்றவரின் ஒப்புதல் கடிதம் கைவசம் இருப்பது நலம். நம் ரூபாய் அங்கே செல்லாது. டாலர் கொண்டுசெல்வோர் கிழிந்த தாளையும் மிகப் பழைய தாளையும் ஏற்கமாட்டார்கள் என்று அறிக. அங்கே காய்கறி விற்கும் அம்மையாரும் செல்பேசி வழியே பணம் பெறுகிறார். எம்-பெசா என்னும் அம்முறை 2007இல் தொடங்கியது.

மொழிக்கு அஞ்சவேண்டா. ஆங்கிலம் எங்கும் செல்லும். எனினும் சுவாகிலியில் நான்கு சொல் கற்றால் முகம் மலரும். "அசாந்தே" என்றால் நன்றி, "கரிபு" என்றால் வருக, "மஜி" தண்ணீர், "சிலி ந்யாமா" என்றால் இறைச்சி உண்ணமாட்டேன். "சாய்", "சப்பாத்தி" ஆகியன நம் நாட்டிலிருந்து சென்ற சொற்கள். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து ஏரிவரை இரயில் பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சென்றனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். இன்று அந்நாட்டு இந்திய வம்சாவளியினரை நாற்பத்து நான்காவது இனமாக 2017இல் கென்ய அரசு அறிவித்துள்ளது. சைவ உணவு நைரோபியில் எளிதில் கிடைக்கும். மக்காச்சோள மாவில் கிளறிய "உகாலி" நம் களியின் உடன்பிறப்பு. கீரையுடன் உண்டால் நன்றாயிருக்கும்.

நேரத்தைக் கேட்கும்போது மட்டும் கவனம். நம் கடிகாரத்துக்கு அவர்கள் இரண்டரை மணி பின்தங்கியவர்கள். அதுவன்றிச் சுவாகிலி பேசுவோர் பொழுதைக் காலை ஆறு மணியிலிருந்து எண்ணுவர். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப்போல. "ஒரு மணிக்கு வண்டி" என்று சுவாகிலியில் சொன்னால் அது காலை ஏழு மணி! எந்த மணி என்று ஆங்கிலத்தில் மறுமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் பெட்டியைப் பரணில் ஏற்றுவோம், மாத்திரையை ஏற்றிவிடக்கூடாது. குறித்த நாள்வரை உண்டு முடிக்கவேண்டும், ஏனெனில் கடைசிநாள் கடித்த கொசுவின் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து பின்னரே இரத்தத்துக்கு வரும். கென்யாவில் கால்வைத்து ஒரு வாரம் ஆனபின் எப்போது காய்ச்சல் வந்தாலும், திரும்பி இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தாலும், அதனை மலேரியாவாக இருக்கலாம் என்றே கொள்ளவேண்டும். பள்ளி திறந்து, மழையில் நனைந்து, வகுப்பில் பாதிப்பேருக்குச் சளிக்காய்ச்சல் இருக்கும் சமயத்தில் இதுவும் அப்படித்தான் என்று கஷாயத்தோடு நின்றுவிடுவது எளிது. விடுதியில் தங்கும் மாணவியானால் பொறுப்பிலுள்ள அருட்சகோதரியிடம் தாய் தந்தையரே இதனை முன்கூட்டிச் சொல்லிவைக்கவேண்டும். மருத்துவரிடம் சென்றதும் முதல் வாக்கியத்திலேயே "கென்யா சென்று வந்தோம்" என்று தேதியோடு கூறி, அன்றே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சீன அம்மையார் து யோயோ பழைய மூலிகை ஏட்டிலிருந்து குறிப்பெடுத்துக் கண்டறிந்து 2015இல் நோபல் பரிசு பெற்ற ஆர்ட்டிமிசினின் மருந்து இன்று கைவசம் இருக்கிறது. தொடக்கத்திலேயே கொடுத்தால் குணம் உறுதி. முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து, காய்ச்சல் மட்டும் நில்லாவிட்டால், மறுநாளும் அதற்கு மறுநாளும் இரத்தத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும்.